எழுத்துக் கூட்டுவதிலிருந்து புத்தகம் வரை: தொடக்கப் பள்ளியில் வாசிப்பு

மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று 'மரத்திலிருந்து' என்ற சொல்லை வாசிப்பதைக் கவனியுங்கள். ம… ர… த்… தி… லி… ரு… ந்… து. எட்டு எழுத்தும் சரி. ஆனால் 'து'வுக்கு வரும்போது 'ம' மறந்துபோயிருக்கும். "என்ன வாசிச்சே?" என்று கேட்டால் முழிக்கும். இல்லாவிட்டால் முதல் இரண்டு எழுத்தை வைத்து "மரம்" என்று சொல்லிவிடும். இந்தக் குழந்தைக்கு எழுத்து தெரியும், வாசிக்கத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்க உதவாமல், அதன் கையில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து "படி, நல்லா இருக்கும்" என்று சொன்னால், புத்தகம் என்பதே பாரம் என்றுதான் அது முடிவு செய்யும். வாசிப்புப் பழக்கம் வேறு, வாசிக்கக் கற்பித்தல் வேறு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் பல பள்ளிகளில் சிக்கல் தொடங்குகிறது.

இரண்டு திறன்கள், ஒரு பெருக்கல்

1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு சூத்திரமாகச் சுருக்கினார்கள். எழுத்தை ஒலியாக மாற்றும் திறனையும், கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒவ்வொரு திறனுக்கும் பூஜ்யம் முதல் ஒன்று வரை மதிப்புக் கொடுத்துப் பாருங்கள். எழுத்து 0.9, மொழிப் புரிதல் 0.2 என்றால் விடை 0.18. எழுத்தில் இன்னும் பயிற்சி கொடுத்து அதை 1 ஆக்கினாலும் விடை 0.2-ஐத் தாண்டாது. மறுபக்கம், ஊர்க் கதையெல்லாம் அழகாகச் சொல்லத் தெரிந்த, ஆனால் எழுத்தே பிடிபடாத குழந்தைக்கு விடை பூஜ்யம்.

ஆகவே, வாசிக்கத் திணறும் குழந்தையைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பக்கம் குறைகிறது என்பதை. கண்டுபிடிப்பது எளிது. குழந்தை வாசிக்கத் திணறிய அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிவிட்டு, இரண்டு கேள்வி கேளுங்கள். சரியாகப் பதில் சொன்னால் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. கேட்டும் புரியவில்லை என்றால் மொழியில் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. எல்லோருக்கும் ஒரே மருந்தாக எழுத்துப் பயிற்சி நோட்டையே நிரப்பச் சொல்வதுதான் வழக்கமாக நடக்கிறது.

எழுத்துப் பக்கம்: தமிழில் எங்கே தட்டும்

தமிழில் 247 எழுத்து. சுவரில் அட்டவணையை மாட்டி, 'அ'வில் தொடங்கி வரிசையாக ஒப்பிக்க வைத்தால், குழந்தை முதல் முழுச் சொல்லை வாசிக்க மாதங்கள் ஆகும். அதுவரை எழுத்துக்கும் அர்த்தத்துக்கும் தொடர்பு இருப்பதே அதற்குத் தெரியாது. அதிலும் 'ஙௌ' போன்றவை எந்தச் சொல்லிலும் வருவதில்லை. அவற்றுக்குச் செலவிடும் நேரம் வீண். அட்டவணை இருக்கட்டும். அது தேடிப் பார்ப்பதற்கு மட்டும்.

இதைவிட நல்ல வழி, சில எழுத்துகளை மட்டும் எடுத்து உடனே சொல்லாக்குவது. ட, ப, ம என்ற மூன்றும் கோடுகளாலும் எளிய வளைவுகளாலும் ஆனவை. இவற்றோடு புள்ளியைச் சேர்த்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் கிடைக்கும். அடுத்து ர, க, ல சேர்த்தால் மரம், கரம், கல், பல், கடல், பகல், கம்பம், கப்பல் எல்லாம் வந்துவிடும். ஆறு எழுத்தும் ஒரு புள்ளியும் கொண்டு பன்னிரண்டு சொல். பிறகு துணைக்கால் ஒன்றை மட்டும் அறிமுகப்படுத்தினால் கால், பால், காகம், பாடம், பாடல், காரம். இப்படிப் போகும் குழந்தை இரண்டாவது வாரத்திலேயே 'வாசிக்கிறது'. அந்த வெற்றி உணர்வு மூன்றாவது வாரத்துக்கு அதை இழுத்து வரும்.

இந்தக் கட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு தடை, மெய்யெழுத்தின் பெயர். ம் என்பதை 'இம்' என்றும், ல் என்பதை 'இல்' என்றும் சொல்லிக் கொடுக்கிறோம். குழந்தை அதை அப்படியே நம்பி "ப… ட… இம்" என்று கூட்டுகிறது. வருவது 'படஇம்'. 'க… இல்' சேர்ந்து 'கஇல்' ஆகிறது. குழந்தை தவறு செய்யவில்லை, சொன்னதைத்தான் செய்கிறது. மெய்யைத் தனியாக நிறுத்தாமல், முன் எழுத்தோடு சேர்த்து ஒரே மூச்சில் பழக்குவது இதற்குத் தீர்வு: கல், பல், மல், டல், பிறகு கம், பம், மம், டம். பொருள் இல்லாத அசைகளும் இருக்கலாம், காதுக்குப் பழகத்தான். 'டம்' தெரிந்த பிறகு படம், மடம், பாடம், மாடம் எல்லாம் இரண்டே துண்டு.

அடுத்த தடை கொம்பு. கெ, கே, கை, கொ, கோ ஆகியவற்றில் கண் முதலில் பார்ப்பது இடப்பக்கக் குறியை. ஒலியிலோ மெய்தான் முதலில். 'கொடி'யைக் குழந்தை 'கெடி' என்றோ 'காடி' என்றோ வாசித்தால், மூன்று துண்டில் ஒன்றை விட்டுவிட்டது என்று பொருள். இதைத் திரும்பத் திரும்ப எழுதவைப்பதால் சரியாகாது. மூன்று அட்டை செய்யுங்கள்: கொம்பு ஒன்று, 'க' ஒன்று, கால் ஒன்று. 'க'வை வைத்து வாசிக்கவிட்டு, காலைச் சேர்த்து 'கா', காலை எடுத்துக் கொம்பைச் சேர்த்து 'கெ', இரண்டையும் சேர்த்து 'கொ'. கையால் நகர்த்திப் பார்க்கும்போது பிடிபடும். குறில் நெடில் குழப்பத்துக்கு இணைச் சொற்கள்: விடு–வீடு, குடை–கூடை, எடு–ஏடு, கொடி–கோடி. படத்தோடு வைத்தால் ஒலி மாறினால் பொருளே மாறுகிறது என்று தெரியும்.

உகர, ஊகார வரிசை மட்டும் விதிக்குள் அடங்காது. கு, சு, து, மு ஒவ்வொன்றும் வேறு உருவம். இவற்றைத் தனித்தனியாகத்தான் பழக வேண்டும். வாரத்துக்கு மூன்று, நான்குக்கு மேல் வேண்டாம். ஆகார, ஐகார வரிசைகள் இன்று ஒழுங்காக இருப்பதற்கு 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் காரணம். ணா, றா, னா, லை, ளை போன்றவை அதற்கு முன் தனி உருவம் கொண்டவை. நன்கொடையாக வரும் பழைய புத்தகங்களில் அந்த எழுத்துகள் இருக்கும். ஒன்று, இரண்டாம் வகுப்பு அலமாரியில் அவற்றை வைக்காதீர்கள். அச்செழுத்தையும் பாருங்கள்: சில எழுத்துருக்களில் ர், ரி ஆகியவற்றின் சாய்ந்த அடிக்கோடு இல்லாமல், அவை துணைக்காலின் மேல் புள்ளியோ கொக்கியோ வைத்ததுபோல் இருக்கும். புதிதாக வாசிப்பவரைக் குழப்ப அது போதும்.

இன்னொன்று, ஒரே எழுத்துக்குப் பல ஒலி. கடல், பகல், சங்கு மூன்றிலும் 'க' ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. இதற்கு விதி சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தெரிந்த சொல்லாக இருந்தால் குழந்தையின் காது தானே திருத்திக்கொள்ளும். தெரியாத சொல்லாக இருந்தால் திருத்த வழியில்லை. தொடக்கத்தில் குழந்தை பேசும் சொற்களையே வாசிக்கக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

இவ்வளவையும் முதல் வகுப்பில் முடித்தே ஆக வேண்டும் என்று பதற வேண்டாம். இதே வகை எழுத்து முறை கொண்ட கன்னடத்தில் சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகள் நான்காம் வகுப்பு வரைகூட எழுத்துகளைப் பழகிக்கொண்டே இருப்பதைக் காட்டியது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்ததும் இந்த வேகவேறுபாட்டை ஏற்றுக்கொண்டதால்தான்.

மொழிப் பக்கம்: வாசித்துக் காட்டுதல்

வீட்டில் "மரத்துலேர்ந்து வுழுந்துட்டான்" என்று பேசும் குழந்தை, புத்தகத்தில் 'மரத்திலிருந்து விழுந்துவிட்டான்' என்று பார்க்கிறது. எழுத்தைச் சரியாகக் கூட்டினாலும் அதன் காது அந்தச் சொல்லை முன்பு கேட்டதில்லை. தமிழ்க் குழந்தை வாசிக்கும்போது புது எழுத்தோடு ஓரளவு புது மொழியையும் சந்திக்கிறது. எழுத்துத் தமிழ் காதுக்குப் பழக்கமாக ஒரே வழிதான் உண்டு: பெரியவர் ஒருவர் தினமும் வாசித்துக் காட்டுவது. இதை எழுத்து தெரிந்த பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. முதல் வகுப்பின் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். ஐந்தாம் வகுப்பிலும் நிறுத்தக் கூடாது.

பதினைந்து நிமிடம் போதும். முந்தின நாளே புத்தகத்தை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எங்கே நிறுத்துவது, எந்த இரண்டு மூன்று சொல்லுக்கு விளக்கம் வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். குழந்தைகள் அரைவட்டமாகத் தரையில் உட்காரட்டும். முப்பது பேர் என்றால் பின்வரிசைக்குப் படம் தெரியாது, ஐந்தாவது நிமிடத்தில் அங்கே சத்தம் கிளம்பும். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி படம் வரையும்போது மறுபாதிக்கு வாசிக்கலாம். அட்டையைக் காட்டி "இதுல என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று ஒரு கேள்வி. பிறகு அச்சில் இருப்பதை இருக்கிறபடியே வாசியுங்கள். புரியாதே என்று நினைத்துப் பேச்சுத் தமிழில் மாற்றிச் சொன்னால் அது கதை சொல்லலாகிவிடும். அதுவும் நல்லதே, ஆனால் வேறு வேலை. கதையில் இரண்டு இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். வரிக்கு வரி நிறுத்திக் கேள்வி கேட்டால் கதை செத்துவிடும்.

முடிந்ததும் "இதன் நீதி என்ன?" என்று கேட்காதீர்கள். குழந்தைகள் நீதியைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். 'பொய் சொல்லக் கூடாது' என்று எந்தக் கதைக்கும் பதில் தருவார்கள், கதையைக் கேட்காமலே. "உனக்கு எந்த இடம் பிடிச்சுது?" "நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பே?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சுத் தமிழில் பதில் வரட்டும், திருத்த வேண்டாம். அதே புத்தகத்தை மறுநாளும் அதற்கு மறுநாளும் வாசியுங்கள். பெரியவர்களுக்குத்தான் சலிக்கும். மூன்றாம் நாள் குழந்தைகள் சேர்ந்து சொல்லத் தொடங்குவார்கள். எழுத்துத் தமிழின் வாக்கியம் அவர்கள் வாயில் வந்துவிட்டது என்று அர்த்தம். ஐந்து வகுப்புக்கும் இரண்டு பேரே பாடம் நடத்தும் ஈராசிரியர் பள்ளிகளில், எல்லா வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்துச் செய்யக்கூடிய சில வேலைகளில் இது ஒன்று.

நடுவில் இருக்கும் பாலம்: சரளம்

கூட்டி வாசிப்பவருக்கும் புரிந்து வாசிப்பவருக்கும் இடையில் இருப்பது சரளம். எழுத்தைக் கண்டுபிடிப்பதிலேயே மனம் முழுதும் செலவானால் பொருளுக்கு இடமில்லை. தமிழில் இது கூடுதல் சிரமம், ஏனென்றால் நம் சொற்கள் நீளம். 'போய்க்கொண்டிருந்தான்' என்பது பத்து எழுத்து. இதை எழுத்தெழுத்தாக வாசிப்பவர் கரைசேர முடியாது. கரும்பலகையில் எழுதி, போய் / கொண்டு / இருந்தான் என்று பொருள் துண்டுகளாகக் கோடிட்டுக் காட்டுங்கள். 'மரத்தில் / இருந்து' என்று பிரித்து வாசித்து, பிறகு சேர்த்து வாசிக்கும்போது 'ல்' எப்படி 'லி' ஆனது என்பதைக் காது கண்டுகொள்ளும். புணர்ச்சி விதி என்ற பெயரெல்லாம் இப்போது வேண்டாம். -இல், -உக்கு, -ஆல், -இருந்து, -கொண்டிருந்து போன்ற ஈறுகளை முழுத் துண்டாகப் பார்த்த உடனே அடையாளம் காணப் பழகினால் வாசிப்பு வேகம் சட்டென்று மாறும்.

இதற்கான அன்றாடப் பயிற்சி பத்து நிமிட ஜோடி வாசிப்பு. ஐம்பது அறுபது சொல் கொண்ட, பெரும்பாலும் தெரிந்த சொற்களாலான ஒரு பத்தி. சற்று நன்றாக வாசிப்பவரையும் சற்றுத் திணறுபவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். இடைவெளி மிக அதிகமாக இருந்தால் ஒருவருக்குச் சலிப்பு, மற்றவருக்கு அவமானம். முதலில் ஒருவர், பிறகு மற்றவர், கடைசியில் இருவரும் சேர்ந்து. அதே பத்தியை மூன்று நாள் வாசித்தால் மூன்றாம் நாள் குரலே மாறியிருக்கும். நிறுத்துக்கடிகாரம் வைத்துப் போட்டி நடத்த வேண்டாம். வேகத்துக்குப் பரிசு கொடுத்தால் குழந்தைகள் சொற்களை விழுங்கக் கற்றுக்கொள்வார்கள்.

ஒரு சொல்லில் நின்றுவிட்டால்? உடனே சொல்லிக் கொடுப்பதும், பொறுமையிழந்து அதட்டுவதும் இரண்டும் கெடுதல். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். வரவில்லை என்றால் முதல் துண்டை மட்டும் சொல்லுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் முழுச் சொல்லையும் சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். திணறும் குழந்தையை வகுப்பின் முன் எழுப்பி நிறுத்தி வாசிக்கவைப்பது, அதைப் புத்தகத்திடமிருந்து நிரந்தரமாக விரட்டுவதற்குச் சமம்.

வகுப்பு மொத்தமும் கோரஸாக வாசிப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பாடம் மனப்பாடமாகியிருக்கும், விரல் வேறு வரியில் இருக்கும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, குழந்தைகளின் கற்றல் நிலையை அறிய 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்வின் முறை இங்கே கைகொடுக்கும்: ஒரு நேரத்தில் ஒரே குழந்தை, எழுத்து, சொல், நான்கு வாக்கியப் பத்தி, சற்று நீண்ட கதை என்று நான்கு படி, எந்தப் படியைச் சுகமாக வாசிக்கிறதோ அதுவே அதன் நிலை. ஒரு குழந்தைக்குச் சில நிமிடமே ஆகும். பாடப் புத்தகத்தில் இல்லாத வாக்கியங்களை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்து, தேதியோடு குறித்து வைத்தால் போதும். மதிப்பெண் வேண்டாம்.

பூட்டிய பீரோவும் கொடியில் தொங்கும் புத்தகமும்

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். முதல் விதி: புத்தகம் பயன்படுத்துவதற்கே. அடுத்த இரண்டும் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பவை. பல தொடக்கப் பள்ளிகளில் முதல் விதியே இன்னும் நிறைவேறவில்லை. புத்தகம் வருகிறது, பதிவேட்டில் ஏறுகிறது, தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் போகிறது. கிழிந்தால், தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் உண்மையானது. அதற்காகக் குழந்தைகளைப் பட்டினி போட முடியாது. கிழிந்த புத்தகம் வாசிக்கப்பட்ட புத்தகம் என்று தணிக்கையில் எழுதும் துணிவு மேலதிகாரிகளுக்கு வர வேண்டும்.

முப்பது பேர் கொண்ட வகுப்புக்கு நூறு புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தலைப்பில் முப்பது பிரதியைவிட, வேறு வேறு தலைப்புகள் மேல். ஜோடி வாசிப்புக்காக ஐந்தாறு தலைப்பில் மட்டும் இரண்டு பிரதி. சுவரில் குழந்தையின் தோள் உயரத்தில் இரண்டு கொடி கட்டி, துணிக் கிளிப்பில் அட்டை தெரியும்படி தொங்கவிடுங்கள். அடுக்கி வைத்தால் முதுகுதான் தெரியும், எட்டுப் பக்கப் படக்கதைக்கு முதுகும் கிடையாது. வாரம் ஒருமுறை இருபது புத்தகத்தை மாற்றுங்கள். இரவல் நோட்டில் பெயர், புத்தகம், எடுத்த நாள், திரும்பிய நாள் என்று நான்கு பத்தி போதும். நாலாம் வகுப்புப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். கிழிசலுக்குச் செல்லோ டேப் ஒட்டினால் நாளடைவில் மஞ்சளாகி உதிரும். மெல்லிய வெள்ளைத் தாளும் மைதாப் பசையும் நெடுநாள் தாங்கும்.

தினமும் கால் மணி நேரம் அவரவர் எடுத்ததை அவரவர் வாசிக்கட்டும். அந்த நேரத்தில் ஆசிரியரும் ஒரு புத்தகம் வாசிக்க வேண்டும், நோட்டுத் திருத்தக் கூடாது. பொருத்தமான புத்தகமா என்று குழந்தையே பார்த்துக்கொள்ள விரல் கணக்கு உண்டு: ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்குவது. ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். பக்கத்துக்கு ஐம்பது, நூறு சொல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. பத்துச் சொல் உள்ள படப் புத்தகத்தில் இரண்டு விரல் மடங்கினாலே கடினம். 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வந்திருப்பதால் தேர்வு எளிதாகிறது. அந்தப் படிகள் புத்தகத்துக்கு உரியவை. "நீ இன்னும் 'நுழை'தானா?" என்று குழந்தைக்கு முத்திரை குத்தப் பயன்படக் கூடாது. 'பற' நூலைப் படத்துக்காக எடுக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையையும் தடுக்காதீர்கள்.

வாசித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் சுருக்கம் எழுதச் சொல்வது, யார் அதிகம் வாசித்தார் என்று பட்டியல் ஒட்டுவது, குறும்புக்குத் தண்டனையாக நூலக மூலையில் உட்காரவைப்பது, இவை மூன்றும் உடனே நிறுத்தப்பட வேண்டியவை. படக்கதையை 'இதெல்லாம் வாசிப்பா' என்று ஒதுக்குவதும் அப்படியே.

மிகவும் கடினமான நிலையில் இருப்பது, ஒன்றாம் வகுப்பு அளவே வாசிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. 'அம்மா வா, ஆடு வா' புத்தகத்தைக் கொடுத்தால் அது அவமானப்படும். வயதுக்கேற்ற புத்தகத்தைக் கொடுத்தால் முதல் வரியிலேயே நிற்கும். இங்கே கதையைவிடத் தகவல் நூல்கள் உதவும். பாம்பு, ரயில், கிரிக்கெட், கடல் என்று பொருள் பெரியது, வாக்கியம் சிறியது, படம் நிறைய. அப்படிப்பட்டவை கிடைக்காதபோது நீங்களே செய்துவிடலாம். பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு" என்றால் அப்படியே எழுதுங்கள். தன் வாயிலிருந்து வந்த வாக்கியத்தை வாசிப்பது எளிது. எழுத்துத் தமிழுக்கு அடுத்த புத்தகத்தில் போகலாம். ஏ4 தாள் ஒன்றை நீளவாக்கில் ஒருமுறையும் குறுக்கே இருமுறையும் மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் வரும். குறுக்கே பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்ட நீளம் மட்டும் வெட்டுங்கள். விரித்து நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் நடுவெட்டு விரிந்து, பசையோ தையலோ இல்லாமல் எட்டுப் பக்கப் புத்தகம் ஆகிவிடும். பக்கத்துக்கு ஒரு வாக்கியம், ஒரு படம், அட்டையில் பிள்ளையின் பெயர். இதையும் வகுப்பு நூலக எண் போட்டு, மற்றப் புத்தகங்களோடு கொடியில் மாட்டி, இரவல் நோட்டில் ஏற்றுங்கள்.